ஊட்டிக்குக் குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

அரையாண்டு விடுமுறைக்கு ஊட்டி என்று முடிவானதும் வீட்டில் பேச்சு நேராக மலைப்பாதைக்கு வந்துவிட்டது. நாங்கள் ஆறு பேர். அத்தை, மாமா, வீட்டுக்காரர், ஒன்பது வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண், அப்புறம் வண்டி ஓட்டும் நான். அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்விட்டால் அங்கே பாதை பிரிகிறது. இடது பக்கம் போனால் கல்லாறு, பர்லியாறு, குன்னூர். வலது பக்கம் போனால் குஞ்சப்பனை, அரவேனு, கோத்தகிரி. இரண்டும் ஊட்டியில்தான் போய்ச் சேர்கின்றன. இதுவரை குன்னூர் வழியாக மூன்று முறையும் கோத்தகிரி வழியாக இரண்டு முறையும் குடும்பத்தோடு ஏறி இறங்கியிருக்கிறேன். இப்போது என் ஓட்டு கோத்தகிரிக்கு.

தூரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 52 கி.மீ. கோத்தகிரி வழியாகப் போனால் பத்துப் பன்னிரண்டு கி.மீ. கூடும். அதற்கான எரிபொருள் செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. நேரமும் எங்களுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. குன்னூர் பேருந்து நிலையத்தைத் தாண்டுவதற்குள் மிச்சம் பிடித்த நேரம் பாதி போய்விடுகிறது. தேயிலைத் தோட்டம், மேகம், குளிர் எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு.

குன்னூர் பாதைக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். அங்கே மலை ரயில் இருக்கிறது. காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் நீராவி ரயிலைக் கல்லாறு பக்கம் பார்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு அன்றைய நாளுக்கு அது போதும். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் சுமார் 12 அடிக்கு ஓர் அடி என்கிற அளவுக்குச் செங்குத்தாகிறது. வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய ரயில் இது. 2005-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பையன் இன்னும் அந்தப் பல்சக்கரத்தை வரைந்துகொண்டிருக்கிறான்.

இன்னொரு பெருமை பர்லியாறு பழக்கடைகள். ஜூலையில் ஒரு வாரக் கடைசியில் போனபோது மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் எல்லாம் கூடையில் இருந்தன. மங்குஸ்தானை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தித் திறக்க மாமா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது. குரங்குகளும் பக்கத்திலேயே காத்திருக்கும், கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்குங்கள். குன்னூரில் சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், லேம்ஸ் ராக் எல்லாருக்கும் தெரிந்தவைதான்.

இவ்வளவு இருந்தும் நான் ஏன் மாறினேன் என்றால், வண்டியை நிறுத்துவது என்கிற ஒரே விஷயத்துக்காக. குடும்பத்தோடு மலை ஏறும்போது, நினைத்த இடத்தில் இல்லாவிட்டாலும் தேவைப்பட்ட ஐந்து நிமிடத்துக்குள் வண்டியை ஓரம் கட்ட முடிகிறதா என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சாப்பாடு, வேடிக்கை, பிள்ளைகளின் வயிறு, பெரியவர்களின் முழங்கால், பிரேக், எதை எடுத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

குன்னூர் பாதை தேசிய நெடுஞ்சாலை. கூடலூர், மைசூரு போகிற சரக்கு லாரி, அரசுப் பேருந்து, சுற்றுலா வேன் எல்லாம் அதில்தான். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து ஒரு வளைவில் திரும்ப ரோட்டின் முழு அகலமும் வேண்டும். வளைவை ஒட்டி ஒரு கார் நின்றால் போதும், மேலே கீழே இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். அதனால் அங்கே நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. இரண்டாவது முறை போனபோது பெண்ணுக்கு வயிறு புரட்டத் தொடங்கியது. பின்சீட்டிலிருந்து அத்தை, “ஏங்கண்ணு, செத்த நிறுத்து, புள்ள மூஞ்சியே செரியில்ல” என்கிறார். பின்னால் ஒரு பேருந்து, முன்னால் ஒரு லாரி, இடது பக்கம் வடிகால். மூன்று வளைவு தாண்டித்தான் ஓரம் கிடைத்தது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. பிள்ளை பயந்துபோய் அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை.

மலைப்பாதை வாந்திக்குக் காரணம், காது உணரும் அசைவும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகாததுதான். எலுமிச்சம்பழத்தை முகர்வது கொஞ்சம் உதவுகிறது. புத்தகம், போன் பார்க்காமல் தூரத்து ரோட்டைப் பார்க்க வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் எங்கள் அனுபவத்தில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி, அசையாத தரையில் நிற்கவைத்துக் காற்று வாங்க விடுவதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. அதற்கு இடம் கொடுத்தது கோத்தகிரி பாதை.

இறக்கத்தில் இது இன்னும் முக்கியம். முதல் முறை குன்னூரிலிருந்து இறங்கும்போது நான் மூன்றாவது கியரில் வந்து, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தேன். பாதி வழியில் கருகிய வாடை. பிரேக் அதிகமாகச் சூடானால் பிடிப்புக் குறையும், பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதிக்கும்போது கால் உள்ளே போகும். ஓரம் கட்டி ஆறவிட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் அன்றைக்கு இருந்த நெரிசலில் பர்லியாறு வரும்வரை அதற்கு இடம் கிடைக்கவில்லை. அந்தக் கொஞ்ச தூரம் நான் வண்டி ஓட்டியதிலேயே மோசமான நேரம். அதன்பிறகு மேலிருந்து கிளம்பும்போதே இரண்டாவது கியர், செங்குத்தான இடத்தில் முதல் கியர். ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு, இன்ஜினையே பிரேக்காக வைத்து இறங்குகிறேன். எங்கள் வண்டி கியர் மாற்றி ஓட்டுவது. ஆட்டோமேட்டிக் வண்டியில் நான் மலை இறங்கியதில்லை, அதை ஓட்டுகிறவர்கள் கிளம்புமுன் அதன் குறைந்த கியரைப் போடப் பழகிக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி பாதையிலும் வளைவுகள் உண்டு, ஏற்றமும் உண்டு. ஆனால் லாரி குறைவு. வழியில் மாமரம், முள்ளூர், தட்டப்பள்ளம், அரவேனு என்று மனிதர்கள் வாழும் ஊர்கள் வருகின்றன. ஊர் என்றால் அகலமான ஓரம், ஒரு டீக்கடை, கை கழுவத் தண்ணீர், பெரியவர்கள் உட்கார ஒரு பெஞ்ச். நாங்கள் மேட்டுப்பாளையத்தில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு கிளம்பி, ஏறும் வழியில் மூன்று இடத்தில் நின்றோம். ஓரிடத்தில் சூடான மிளகாய் பஜ்ஜி, இன்னோரிடத்தில் வேகவைத்த கடலை, கோத்தகிரி பஜாரில் டீயும், வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டும். பஜ்ஜிக் கடை அம்மா பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏறுறப்ப கொழந்தைக்கு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்மா, இந்தா” என்று ஒரு வெள்ளரித் துண்டை உப்புத் தொட்டுக் கொடுத்தார். அன்றைக்கு வாந்தி இல்லை. ஒருமுறை நடந்ததை வைத்து வெள்ளரிக்குப் பாராட்டுப் பத்திரம் எழுதமாட்டேன், நின்று நின்று போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வர்க்கியைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகு அடுப்பில் சுட்டதைத் தேடி வாங்குங்கள். டீயில் முக்கினால் அடுக்கடுக்காகப் பிரியும். வீட்டுக்கு வாங்குவதை இறங்கும் நாளில் வாங்கினால் நொறுங்காமல் வரும்.

வேடிக்கை பார்க்கிற இடங்களில் கோத்தகிரி பக்கம் கூட்டம் குறைவு, கதை அதிகம். கண்ணேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பெத்தக்கல் பங்களா இருக்கிறது. 1819-ல் கோவை கலெக்டராக இருந்த அவர் மலையேறி வந்து முதலில் வீடு கட்டிக்கொண்டது அங்கேதான், ஊட்டி நகரமெல்லாம் அதற்குப் பிறகுதான். இப்போது அது சின்ன அருங்காட்சியகம். பழைய படங்களைக் காட்டி மாமா பையனுக்குச் சொல்லச் சொல்ல அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அரவேனு பக்கம் கேத்தரின் அருவி. கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கி.மீ. தள்ளி கோடநாடு காட்சிமுனை. கீழே மாயாறு பள்ளத்தாக்கு, காட்டுக்கு நடுவே தெங்குமரஹாடா கிராமம், தெளிவான நாளில் பவானிசாகர் நீர்த்தேக்கம் வரை தெரியும். நாங்கள் போன அன்று முதல் இருபது நிமிடம் வெறும் வெள்ளை. அப்புறம் மேகம் விலகியதும் அத்தை கைகூப்பிவிட்டார்.

இன்னொரு வசதி, கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகிற ரோட்டிலேயே தொட்டபெட்டா பிரிவு வருகிறது. ஊருக்குள் நுழையுமுன் 2,637 மீட்டர் உச்சியைப் பார்த்துவிடலாம். ஊட்டியில் எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்தது படகு இல்லத்துக்கு எதிரே இருக்கும் நூல் தோட்டம். பூ, இலை, புல் எல்லாம் ஊசியில்லாமல் கையால் நூல் சுற்றிச் செய்தவை. பெண் ஒரு ரோஜாவை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கோத்தகிரி பாதையின் குறைகளும் உண்டு. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனை சுற்றுவட்டத்தில் யானைகள் ரோட்டுக்கு வரும். அந்த மாதங்களில் காலை வெளிச்சம் வந்தபிறகு ஏறி, இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். பலா மரத்தடியில் வண்டியை நிறுத்த வேண்டாம். மழைக்காலத்தில் நான் இந்தப் பக்கம் போனது ஒரே ஒருமுறை, அதுவும் தூறலில், அதனால் மழையில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்லமாட்டேன். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வடகிழக்குப் பருவமழை கனத்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் சரி. மசினகுடிப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், 36 வளைவுள்ள கல்லட்டிச் சரிவில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை, கூடலூர் வழிதான்.

ஏப்ரல், மே மாத நெரிசலில் இந்த அலசலுக்கே வேலை குறைவு. வழக்கமாகக் காவல்துறை ஒருவழிப் பாதையாக்கி, ஏறுவதைக் குன்னூர் வழியாகவும் இறங்குவதைக் கோத்தகிரி வழியாகவும் மாற்றிவிடும். எனக்கு அதில் வருத்தமில்லை, பிரேக்குக்கு வேலை வைக்கிற இறக்கம் நிறுத்த இடமுள்ள பக்கம் வந்துவிடுகிறது. ஏறும்போது மட்டும் பர்லியாறில் நின்று பிள்ளைகளைக் காற்று வாங்க விட்டுவிடுங்கள்.

எந்தப் பக்கம் போனாலும், வெளியூர் வண்டி நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது, கட்டணம் இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போனால் வழியில் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். நாங்கள் டிசம்பர் கடைசியில் மறுபடி போகிறோம். விடிந்ததும் குஞ்சப்பனை தாண்டி, எட்டு மணிக்கு அந்த பஜ்ஜிக் கடை.