நீர்த்துளிக்குப் பின்னால் நிறம்: ஜெல் தாளா, வண்ண அட்டையா?

விழும் துளியைப் படத்தில் உறையவைப்பது ஷட்டர் அன்று. இருட்டறையில் ஷட்டர் ஒரு வினாடி முழுதும் திறந்திருந்தாலும், ஃபிளாஷ் மின்னும் கணம் மட்டுமே படத்தில் பதிகிறது. ஆகவே பின்னணிக்கு எவ்வழியில் நிறம் கொடுத்தாலும், அது மின்னும் நேரத்தை எவ்வளவு நீட்டுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பரவலாகக் கையாளப்படும் வழிகள் இரண்டு: பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னாலிருந்து ஜெல் தாள் (ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணத் தாள்) ஒட்டிய ஃபிளாஷை அடிப்பது ஒன்று, வண்ண அட்டையைப் பின்னால் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து வெறும் ஃபிளாஷை அடிப்பது மற்றொன்று.

45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, நீர்ப்பரப்பைத் தொடும்போது வினாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் இருக்கும். கேமராவின் மேல் மாட்டும் சாதாரண ஃபிளாஷ், முழுத் திறனில் 1/128 பங்கில் சுமார் 1/20,000 வினாடியே மின்னுவதால், அதற்குள் துளி 0.15 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. முழுத் திறனில் 1/1000 வினாடி என்று கொண்டாலும் 3 மில்லிமீட்டர் நகர்ந்து, துளி கோடாக இழுபட்டுவிடும். ஜெல் தாளின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மஞ்சள் ஜெல் பெரும்பகுதி ஒளியைக் கடத்திவிடும். அடர் நீலமோ பத்தில் ஒரு பங்கைக்கூட விடாது. இழப்பை ஈடுசெய்ய 1/128இலிருந்து 1/16க்கோ அதற்கு மேலோ ஏற்றினால், கூர்மை குறைகிறது. இடப்பக்கம் நீலமும் வலப்பக்கம் மஞ்சளுமாக இரண்டு ஃபிளாஷ்களை வெவ்வேறு திறனில் வைத்தபோது, துளியின் விளிம்பில் நீலம் மட்டும் மெல்லிய நிழலாக வழிந்திருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே கண்டேன். திறனை ஏற்றாமல் ஃபிளாஷைத் தகட்டுக்கு அருகே நகர்த்துவதும், கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 400 வரை உயர்த்துவதும் இதற்கு நல்ல மாற்று.

அட்டையும் ஒளியை விழுங்கத்தான் செய்கிறது. நீல அட்டை நீலத்தைத் தவிர மற்றவற்றைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்வதால்தான் நீலமாகத் தெரிகிறது. எனினும் ஒரே ஃபிளாஷ் பொருளுக்கும் பின்னணிக்கும் ஒளி தருவதால், இரண்டுக்கும் மின்னும் நேரம் ஒன்றே. தவிர, முன்னிருந்து சிதறும் வெள்ளொளி பட்டால் அக்ரிலிக்கின் நிறம் வெளுத்துப்போகும். அட்டையிலோ அதே ஒளி நிறத்தைச் சற்றுத் தூக்கியே காட்டும்.

தெளிந்த நீரைப் படமெடுப்பவர்களுக்கு அட்டையின் இந்த வசதிகளெல்லாம் போதா. நீருக்குச் சொந்த நிறமில்லை. பின்னாலிருந்து வரும் ஒளி வளைந்து வருவதே அதன் உருவம். துளி ஒரு குட்டி வில்லையாகி, பின்னணியைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் காட்டும்: இடப்பக்கம் நீலம் வைத்தால் துளிக்குள் அது வலப்பக்கம் நிற்கும். அக்ரிலிக்கில் இரு நிறங்களும் நடுவில் இழைந்து கலப்பதால், சாந்தன் கம் என்னும் கெட்டிப்படுத்தும் தூளைச் சேர்த்துக் கெட்டியாக்கிய நீரின் குடைவடிவத் தெறிப்பில் அந்தக் கலப்பு முழுவதும் விளையாடும். இரண்டு அட்டைகளை ஒட்டிவைத்தால் துளிக்குள் அந்த ஒட்டு கோடாகத் தெரிந்துவிடுகிறது. நீருக்கு ஜெல்லையே பரிந்துரைப்பேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஜிலேட்டின் தாள் பழகுவதற்குப் போதும். நிறம் அடர்த்தியாக வர இரண்டு மூன்று மடிப்பு வேண்டியிருக்கும், சுருக்கமும் விழும்.

பால் வேறு கதை. அது ஒளியை ஊடுருவவிடாததால், பின்னணியின் ஜாலம் எதுவும் துளிக்குள் நுழைவதில்லை. அதிவேக ஃபிளாஷ் படங்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் எட்ஜர்டன் 1957இல் எடுத்த பால்துளிக் கிரீடத்தை நினைத்துப் பாருங்கள்: ஆழ்ந்த சிவப்பும் வெண்மையும் மட்டும்தான், வேறொன்றும் தேவைப்படவில்லை. பாலுக்கு நான் அட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன். தெறிக்கும் பால் பட்டால் அக்ரிலிக்கைத் துடைத்துவிடலாம், அட்டை ஊறி அலையலையாக நெளிந்துவிடும் என்பதால், அதைத் துளி விழும் தட்டிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி நிறுத்துவது நல்லது. அவ்வளவு தொலைவில் அதன் சொரசொரப்பும் படத்தில் மங்கி மறைந்துவிடும்.