வெங்காயமா, குவெர்செட்டின் மாத்திரையா, ருட்டினா?

வெங்காயத் தோலைக் கொதிக்க வைத்தால் தண்ணீர் மஞ்சளாகிவிடும். அந்த நிறத்தில் குவெர்செட்டின் என்ற தாவரப் பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. இதே பொருள் கடையில் மாத்திரையாகக் கிடைக்கிறது; ருட்டின் என்ற பெயரிலும் கிடைக்கிறது. மூன்றிலும் மூலப்பொருள் ஒன்றுதான். அதோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைதான் வேறு.

மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையே ஒட்டாத குவெர்செட்டின். தண்ணீரில் கலக்கிப் பாருங்கள், மஞ்சள் பொடி கரையாமல் அடியில் போய் உட்காரும். ஆனால் சோதனைக்குழாயில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதில் இது ருட்டினை முந்திவிடும். அந்த வேலைக்குத் தேவையான ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு பகுதி) ஒன்றின் மேல்தான் ருட்டினில் சர்க்கரை ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சரி, வயிற்றுக்குள் போனால்? 1995-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பெருங்குடல் அகற்றப்பட்ட 9 பேரிடம் இதை அளந்தார்கள். வெங்காயத்திலிருந்து 52% உறிஞ்சப்பட்டது. வெறும் குவெர்செட்டினில் 24%. ருட்டினில் 17% மட்டுமே.

வெங்காயத்தில் ஒட்டியிருப்பது குளுக்கோஸ். சிறுகுடல் சுவரிலேயே அதை வெட்டியெடுக்கும் நொதி இருக்கிறது. வெட்டியதும் குவெர்செட்டின் அங்கேயே உள்ளே போய்விடும். ருட்டினில் குளுக்கோஸின் நுனியில் ராம்னோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் தொங்குகிறது. அந்த நொதிக்கு இது பிடிபடாது. பெரும்பாலும் பெருங்குடல் பாக்டீரியாக்கள் வந்து பிரித்தால்தான் உண்டு. அதனால்தான் வெங்காயம் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சம் தொடுவது, ருட்டினில் சுமார் 9 மணி நேரம் இழுக்கிறது. ஆக, சர்க்கரை ஒட்டினால் நல்லதா கெட்டதா என்று கேட்பதே தப்பு. எந்தச் சர்க்கரை என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று: ரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் இந்த மூன்றுமே இல்லை. குடலும் கல்லீரலும் குவெர்செட்டினோடு குளுக்குரோனிக் அமிலத்தையும் சல்ஃபேட்டையும் ஒட்டித்தான் அனுப்புகின்றன. சோதனைக்குழாய் மதிப்பெண்ணை நம்பி மாத்திரை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் ஓட்டு வெங்காயத்துக்குத்தான். வெள்ளை வெங்காயத்தில் குவெர்செட்டின் மிகக் குறைவு, சிவப்பே எடுங்கள். வெளி அடுக்குகளில்தான் அதிகம், அதனால் காய்ந்த தோலோடு சதையையும் சேர்த்து உரித்து எறியாதீர்கள். வேகவைத்தால் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். சாம்பார் என்றால் கவலை இல்லை, அந்தத் தண்ணீரும் தட்டுக்குத்தானே வருகிறது.