டெல்லி டூரில் ரூ.64,500 போச்சு. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறவங்க தயவுசெய்து படிங்க

நேற்று காலைதான் திருச்சி வந்து சேர்ந்தோம். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும், விடு" என்று எனக்கே தோன்றிவிடும். போனது 64,500 ரூபாய். அதில் 60,000 மாதம் 3,000 வீதம் 20 மாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். மீதி வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு. மகனுக்கு 13. இந்த வயதில் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தெரியும், அவர்கள் நம்மோடு ஒரு ஊருக்கு வரச் சம்மதிப்பதே பெரிய விஷயம். ஊட்டி என்றால் "நீங்க போயிட்டு வாங்க" என்பார்கள். அடுத்த வருஷம் அவளுக்கு பிளஸ் டூ, அப்புறம் காலேஜ், ஹாஸ்டல். நாலு பேரும் சேர்ந்து போவதற்கு இந்த அரையாண்டு லீவை விட்டால் வேறு இல்லை என்று எனக்குள் ஒரு கணக்கு. டெல்லி என்று சொன்னதே அவள்தான். வரலாறு என்றால் அவளுக்கு உயிர். குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை, ஆக்ரா என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மகனுக்கு மெட்ரோவும் ரயில் மியூசியமும்.

டிசம்பர் 24 போய் 28 திரும்புவதற்கு ஃபிளைட் டிக்கெட்டை நாங்களே முன்கூட்டியே போட்டுவிட்டோம். ஹோட்டல், கார், ஆக்ரா இதை மட்டும் யாரிடமாவது ஒப்படைக்கலாம் என்று நினைத்தோம். எங்களுக்கு இந்தி தெரியாது. வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறோம், தெரியாத ஊரில் ரூமுக்கு அலையக்கூடாது என்பது என் வீட்டுக்காரரின் கவலை.

அப்போதுதான் ரீல்ஸில் அந்த விளம்பரம் வந்தது. கடை கிடையாது, ஆபீஸ் கிடையாது, ரீல்ஸும் வாட்ஸ்அப்பும் வைத்தே டூர் நடத்தும் பக்கம். அந்த மாதிரி எத்தனையோ இருக்கின்றன, பேரை இங்கே எழுதவில்லை. நம்பருக்கு மெசேஜ் போட்டதும் ஒரு பையன் கூப்பிட்டான். மதுரைப் பக்கத்துத் தமிழ். "அக்கா, பிள்ளைங்களுக்கு என்ன வயசு? என்ன பிடிக்கும்?" இதுதான் முதல் கேள்வி. ரேட்டைப் பற்றிப் பேசவே இல்லை. அதற்கு முன்னால் நான் விசாரித்த இரண்டு இடங்களிலும் "எத்தனை பாக்ஸ் மேடம்", அதாவது எத்தனை பேர் என்று கேட்டதோடு சரி.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு நாளில் ஒரு பிளான் அனுப்பியிருந்தான், அதைப் பற்றி மகளிடமே பேசினான். அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "அங்கிள், ஆக்ராவை 26ஆம் தேதி போட்டிருக்கீங்க. அது வெள்ளிக்கிழமை. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை லீவாச்சே?" ஒரு விநாடி அமைதி. அப்புறம் சொன்னான், "அட, சூப்பர்டா பாப்பா! நான் கவனிக்கவே இல்ல. நீயே டூர் கைடா வந்துடலாம். இப்பவே சனிக்கிழமைக்கு மாத்தித் தர்றேன்." பத்து நிமிஷத்தில் புது பிளான் வந்துவிட்டது. அவள் சிரித்தாள். இந்த ஒரு வருஷத்தில் என் மகள் பெரியவர்கள் யாரோடும் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்க்கவில்லை. தப்பைச் சொன்னால் கோபப்படாமல் உடனே திருத்துகிறானே, நல்ல பையன் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் காசு போட்டேன். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

முதலில் 25,000. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, "பீக் சீசன் அக்கா, முழுசா கட்டினாத்தான் ஹோட்டல்ல ரூம் பிளாக் பண்ணுவாங்க" என்று மீதி 39,500. மொத்தம் 64,500. கரோல் பாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரூம், நாலு ராத்திரி, ஹீட்டர், முழு நேரமும் கார், எல்லா இடத்துக்கும் நுழைவுச் சீட்டு எல்லாம் அதில் சேர்த்தி. யுபிஐயில் பணம் போனது ஒரு தனி ஆள் பேருக்கு. கேட்டதற்கு "எங்க அக்கவுண்டண்ட் அக்கா" என்றான். நம்பினேன்.

24ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு டெல்லியில் இறங்கினோம். கார் வரவில்லை. "டிரைவர் பக்கத்துலதான் இருக்காரு, பத்து நிமிஷம் அக்கா." அரை மணி கழித்தும் அதே பத்து நிமிஷம். மூன்றாவது தடவை போனை எடுக்கவில்லை. திருச்சி வெயிலில் வளர்ந்த பிள்ளைகள், வாயைத் திறந்தால் புகை வருகிறது. கடைசியில் ப்ரீபெய்டு டாக்ஸி கவுண்டரில் வண்டி பிடித்து ஹோட்டலுக்குப் போனால், எங்கள் பேரில் இருப்பது ஒரே ஒரு ரூம். இரண்டு பேருக்கு. ஒரு ராத்திரிக்கு மட்டும்.

ரிசப்ஷனில் இருந்தவர் கெட்டவர் இல்லை. ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். 12 வயதுக்கு மேல் போனால் பெரியவர்கள் கணக்கு, ஒரு ரூமில் நாலு பேரை விட முடியாது என்றார். ஹீட்டர் தனி, ஒரு ராத்திரிக்கு 500. ராத்திரி பதினொன்றரை மணிக்கு இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவது? கூட ஒரு ரூம் எடுத்தோம். ரூம் 3,200. ஊர் திரும்பும்வரை ரூமுக்கு 22,400, ஹீட்டருக்கு 4,000 என்று எங்கள் கையிலிருந்து இன்னும் 26,400 போனது. அது தனி. அவன் வாங்கிய 64,500 தனி.

அடுத்த நாளிலிருந்து அவன் சொன்ன சாக்குகளை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கும் இதே வார்த்தைகள் வந்தால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

25 காலை: "இன்னைக்கு கிறிஸ்மஸ் லீவு அக்கா, அக்கவுண்ட்ஸ்ல யாரும் இல்ல. நீங்க கட்டிடுங்க, பில் அனுப்புங்க, நாளைக்கே போட்டு விட்டுர்றேன்." கார்? "பனிமூட்டம் அக்கா, வண்டி எல்லாம் மாட்டிக்கிச்சு." நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன், கீழே ரோடு நிறைய வண்டி போகிறது.

26 விடியற்காலை ஐந்து மணிக்கு ரிசப்ஷனிலிருந்து போன். டிரைவர் வந்திருக்கிறார், ஆக்ராவுக்கு. வெள்ளிக்கிழமை! மகள் சுட்டிக்காட்டி, அவன் பாராட்டி, மாற்றிக் கொடுத்த அதே வெள்ளிக்கிழமை. டிரைவர் கையில் இருந்த தாளில் அவன் முதலில் போட்ட தேதிதான். எங்களுக்கு அனுப்பிய புது பிளான் எங்களுக்குக் காட்ட மட்டும். பாவம், அந்த டிரைவருக்கும் 3,000 அட்வான்ஸோடு சரி, மீதியை எங்களிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெஹ்தாப் பாக் தோட்டத்திலிருந்து தாஜ்மஹாலைப் பார்க்கலாம், ஆக்ரா கோட்டை திறந்திருக்கும் என்று அவர் சைகையில் சொன்னார். மகள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ரூமுக்குள் போய்விட்டாள். சனிக்கிழமைக்கு அவருக்கு வேறு சவாரி. வேறு வண்டி பிடித்து, அந்தப் பனியில் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் விடியற்காலையில் போக வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பனிமூட்டத்தில் அந்த ரோட்டில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதுவதைச் செய்தியில் பார்த்திருக்கிறோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தாஜ்மஹால் பார்க்காமலே திரும்பினோம்.

அன்று மத்தியானம் "கஸ்டமர் கேர்" என்று ஒரு பெண் கூப்பிட்டாள். அக்கா போய் மேடம் ஆனேன். புகார் எண் கொடுத்தாள். "48 வொர்க்கிங் ஹவர்ஸ் மேடம்." நடுவில் சனி, ஞாயிறு. எங்கள் ஃபிளைட்டே ஞாயிற்றுக்கிழமை.

27ஆம் தேதி வந்த மெசேஜ்தான் என்னைக் கொதிக்க வைத்தது. ரீஃபண்ட் எங்கள் பாலிசியில் இல்லை, 20,000 ரூபாய்க்கு கிரெடிட் தருகிறோம், ஏப்ரலுக்குள் மூணாறு போய்வரலாம் என்று, கீழே கும்பிடுகிற கை படத்தோடு. 64,500 கொடுத்த என்னிடம், மறுபடியும் உன்னிடமே வந்து மிச்சத்தைக் கட்டு என்கிறான்! 28 காலையில் அவன் போட்டோ மறைந்துவிட்டது. நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கில் நிற்கிறது.

டெல்லியைச் சொல்ல வேண்டும். ஊர் எங்களை ஏமாற்றவில்லை. கரோல் பாக்கிலிருந்து நீல லைன், ராஜீவ் சௌக்கில் மாறி மஞ்சள் லைனில் குதுப்மினார் என்று மகனே மேப் பார்த்துக் கூட்டிப் போனான். ரயில் மியூசியத்தில் பாட்டியாலா மோனோ ரயில் முன்னால் அரை மணி நேரம் நின்றான். ஹுமாயூன் கல்லறை வாசலைத் தாண்டியதும் மகள் நின்று, "தாஜ்மஹாலுக்கு முன்னாடியே கட்டினது இதும்மா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அங்கே கவுண்டரில்தான் இன்னொன்று தெரிந்தது. குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் நமக்கு ஆளுக்கு 40 ரூபாய்தான், 15 வயதுக்குக் கீழே இலவசம். தாஜ்மஹால் 50, உள்ளே கல்லறை மண்டபத்துக்கு 200. மூன்று இடத்துக்கும் சேர்த்து எங்கள் குடும்பத்துக்கு 990 ரூபாய். அவன் பில்லில் நுழைவுச் சீட்டு என்று போட்டிருந்தது 4,800.

நேற்று சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். "நீங்களாத்தானேம்மா பணம் போட்டீங்க? இது சிவில் மேட்டர்." சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்தேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பணம் போய் இத்தனை நாளாகிவிட்டதே என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. விடமாட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை, பணம் கட்டும் முன்பே ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், லாகின் கூட வேண்டாம். நான் நேற்றுத்தான் பார்த்தேன். அந்த எண் வேறு ஏதோ வியாபாரத்தின் பேரில் இருக்கிறது, அதுவும் ரத்தாகிவிட்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்தும் பான் எண். பானில் நாலாவது எழுத்து ‘பி’ என்றால் தனி ஆள், ‘சி’ என்றால் கம்பெனி. பில்லின் தலையில் பிரைவேட் லிமிடெட், எண்ணில் ‘பி’.

தனி ஆள் பேருக்கு யுபிஐ போடாதீர்கள். அக்கவுண்டண்ட், தம்பி, பார்ட்னர், யாராக இருந்தாலும் சரி.

கிளம்புவதற்கு முன் ஹோட்டலுக்கு நீங்களே போன் செய்து எத்தனை ரூம், எத்தனை ராத்திரி, எத்தனை பேர் என்று கேளுங்கள். பிள்ளைகளின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். ஹீட்டர் உண்டா என்றும் கேளுங்கள். அந்த ஒரு போனை நான் செய்திருந்தால் 39,500 ஆவது என் கையில் இருந்திருக்கும்.

மகள் நேற்று ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "நான்தானேம்மா அவன்கிட்ட பேசி ஓகே சொன்னேன்" என்றாள். 16 வயதுப் பெண்ணுக்கு இந்தக் குற்ற உணர்ச்சி எதற்கு? அவள் சரியாகத்தான் கேட்டாள். அவளுடைய கேள்வியையே வைத்து எங்களை வளைத்துப் போட்டான்.

இன்று காலை அவள் போனில் பார்த்தோம். அந்தப் பக்கத்தில் பொங்கல் லீவுக்கு ஜெய்ப்பூர் ஆஃபர் ஓடுகிறது. கீழே ஒரு அம்மா, "பசங்களுக்கு 15, 12 வயசு, ரேட் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். மகள் உடனே "ஆன்ட்டி, பணம் போடாதீங்க" என்று பதில் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் அதை அழித்துவிட்டு அவளையும் பிளாக் செய்துவிட்டான். அந்த அம்மாவை எப்படித் தொடர்புகொள்வது என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்த யாராவது பொங்கலுக்கு ஜெய்ப்பூர் கிளம்புகிறார்கள் என்றால், இதை இன்றைக்கே அவர்களுக்கு அனுப்புங்கள்.