ஒரே லென்ஸ் என்றால் எது? கேனான் ஏபிஎஸ்-சி கேமராவுக்கு நான்கு ஜூம்கள்

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் கொஞ்ச காலம் எடுத்துப் பழகியவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் "எத்தனை எக்ஸ் ஜூம் வாங்கலாம்?" என்றுதான். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி கடைசியில் வரட்டும். லென்ஸ் எவ்வளவு அகலத்தில் தொடங்குகிறது, எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். தூரத்தில் இருப்பதை கிராப் செய்து ஓரளவு சமாளிக்கலாம். ஃபிரேமுக்குள்ளேயே வராததைப் பிறகு எப்படிச் சேர்ப்பது?

கேனான் 700டி, 80டி போன்ற ஏபிஎஸ்-சி கேமரா (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய சென்சார் உள்ளது) வைத்திருப்பவர்களுக்காக நான்கைப் பார்க்கலாம்: கேனான் 15-85, கேனான் 18-135, கேனான் 17-55 எஃப் 2.8, டாம்ரான் 16-300. பெயரில் உள்ள எண்கள் மி.மீ. கணக்கு: சிறிய எண் அகலமாகக் காட்டும், பெரிய எண் தூரத்தைக் கிட்டே இழுக்கும். எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்.

ஊர் ஊராகக் கோயில் பார்ப்பவர்களுக்கு நான் கைகாட்டுவது 2009-இல் வந்த 15-85. பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் 3 மி.மீ. தானே வித்தியாசம் என்று தோன்றும். ஒரு கோபுர வாசலுக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். 18-இல் வைத்தால் சுமார் 12.4 மீட்டர் அகலம் படத்தில் விழும். 15-இல் ஏறக்குறைய 15 மீட்டர். அதே அகலம் 18-இல் வேண்டுமானால் இன்னும் 2 மீட்டர் பின்னால் போக வேண்டும். சன்னதித் தெருவில் அந்த 2 மீட்டரில் பூக்கடையோ செருப்பு விடும் இடமோ இருக்கும். கல் மண்டபத்துக்குள் என்றால் முதுகில் தூண் இடிக்கும். மறுமுனையில் 85 இருப்பதால் முகங்களையும் அழகாக எடுக்கலாம். ஆட்டோஃபோகஸில் இருக்கும்போதே வளையத்தைத் திருப்பி ஃபோகஸைச் சரிசெய்துகொள்ளலாம்.

குறைகளும் உண்டு. எடை 575 கிராம். கேமராவைத் தோளில் தொங்கவிட்டு நடந்தால், கொஞ்சம் உழைத்த லென்ஸில் குழல் தானாகவே கீழே இறங்கும். 15-இல் எடுத்தால் ஓரத்துத் தூண்கள் வெளிப்பக்கம் வளையும். கணினியில் ஒரு கிளிக்கில் நிமிர்த்திவிடலாம் என்பதால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

18-135 எல்லாரும் வாங்குவது. அதில் தப்பும் இல்லை. ஆனால் பழையது வாங்கும்போது கவனம் வேண்டும். இதில் மூன்று தலைமுறை உண்டு: 2009-இல் ஐஎஸ், 2012-இல் ஐஎஸ் எஸ்டிஎம், 2016-இல் ஐஎஸ் யுஎஸ்எம். ஐஎஸ் என்பது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி; எஸ்டிஎம், யுஎஸ்எம் இரண்டும் ஃபோகஸ் மோட்டாரின் வகைகள். பெயரின் கடைசி எழுத்துகளைப் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். முதல் தலைமுறையின் மோட்டார் சத்தம் வீடியோவில் பதிவாகும். எஸ்டிஎம் அமைதியானது. யுஎஸ்எம் அமைதியும் வேகமும் சேர்ந்தது. ஓடும் குழந்தையை விடாமல் பிடிக்கும். வீட்டு விசேஷம், சுற்றுலா, வீடியோ என்று கலந்து எடுக்கும் குடும்பத்துக்கு இந்த யுஎஸ்எம் லென்ஸையே சொல்வேன்.

கல்யாண மண்டபத்துக்குள் போனதும் கணக்கு மாறிவிடும். தாலி கட்டும் நேரம், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600, லென்ஸ் 55 மி.மீ. பக்கத்தில். 15-85 அங்கே எஃப் 5 வரைதான் திறக்கும். ஷட்டர் 1/40 நொடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 17-55 எஃப் 2.8-இல் அதே வெளிச்சத்துக்கு 1/125 கிடைக்கும். ஐஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஐஎஸ் உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். மாப்பிள்ளையின் விரல் அசைவை அடக்காது. 1/40-இல் முகம் தெளிவாகவும் முடிச்சுப் போடும் கை கலங்கியும் வரும். அது திரும்ப எடுக்க முடியாத படம். இன்னொன்று: கேனானின் பல கேமராக்களில் நடு ஃபோகஸ் புள்ளி எஃப் 2.8 லென்ஸோடு கூடுதல் துல்லியமாக வேலை செய்யும். 645 கிராம் எடையும், பெரிய 77 மி.மீ. ஃபில்டர் செலவும் இதற்குக் கொடுக்கும் விலை. முன்கண்ணாடிக்குப் பின்னால் தூசி சேரும் லென்ஸ் என்ற பேரும் இதற்கு உண்டு. காசு வாங்கிக்கொண்டு விசேஷம் எடுக்கப் போகிறவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

டாம்ரான் 16-300, 2014-இல் வந்தது. 540 கிராமுக்குள் அகலமும் வேடந்தாங்கல் நாரையும் அடங்குகின்றன என்பது பெரிய கவர்ச்சிதான். ஆனால் 300-இல் இது எஃப் 6.3. கேனானின் பெரும்பாலான ஃபோகஸ் புள்ளிகள் எஃப் 5.6 வரைக்கும் வடிவமைக்கப்பட்டவை. வெயில் இருக்கும்வரை தெரியாது, பறவைகள் கூடு திரும்பும் அந்தி நேரத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். பறவைதான் ஆசை என்றால் 375 கிராம் எடையுள்ள கேனான் 55-250 எஸ்டிஎம்மைத் தனியாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது மேல். லென்ஸை மாற்றவே மாட்டேன், புழுதியில் கேமராவைத் திறக்கவே மாட்டேன் என்பவர்களுக்கு மட்டும் டாம்ரான்.

இன்னும் முடிவுக்கு வராதவர்கள் கணினியில் இருக்கும் பழைய படங்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை மி.மீ.-இல் எடுத்தது என்று பதிவாகியிருக்கும். 18-இல் குவிந்து கிடந்தால் 15-85 பக்கம் போங்கள். 55-இல் முட்டி நின்றால் 18-135. ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் நிறைய இருந்தால் 17-55.

கேனானின் ஆர் வரிசை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறினாலும் இந்த லென்ஸ்கள் வீணாகாது; கேனானின் அடாப்டர் போட்டு ஆர்7, ஆர்10 கேமராக்களில் பயன்படுத்தலாம். எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்குப் போகும் இந்த நேரத்தில் பழைய லென்ஸ்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. வாங்கும் முன் உங்கள் கேமராவில் பொருத்தி, இரு முனையிலும் பெரிய திறப்பில் (குறைந்த எஃப் எண்ணில்) ஒரு தட்டையான சுவரை எடுத்து, நான்கு மூலைகளும் ஒரே மாதிரித் தெளிவாக இருக்கின்றனவா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் அந்த லென்ஸ் எங்கோ விழுந்து எழுந்திருக்க வாய்ப்பு அதிகம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.