ஒசாகாவில் வாங்கிய ஸ்விட்ச், திருச்சியில் இரண்டரை ஆண்டுகள்

2023 ஏப்ரலில் கம்பெனி வேலையாக மூன்று வாரம் ஒசாகாவில் இருந்தேன். ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள யோதோபாஷி கடையில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவி ஒன்று வாங்கினேன். ஓஎல்இடி திரை கொண்ட மாடல். அதை இன்றுவரை வீட்டில் ஏறக்குறைய தினமும் பயன்படுத்துகிறோம். வெளிநாட்டில் வாங்கி வரலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். விலை உண்மையில் சின்ன விஷயம். வாங்கிய நாளில் எனக்கும் அது தெரியாது.

இருந்தாலும் விலையைச் சொல்லிவிடுகிறேன். வரியோடு 37,980 யென். சுற்றுலா, குறுகிய கால அலுவல் என்று தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு 10 சதவீத நுகர்வு வரியைக் கழித்தே கடைக்காரர் பில் போட்டார். பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்; நாட்டுக்குள் நுழைந்தபோது அதில் ஒட்டிய சீட்டைப் பார்க்கிறார்கள். கடைசியில் 34,527 யென். அன்றைய மாற்று விலையில் 21,000 ரூபாய் சொச்சம். இந்தியாவில் நிண்டெண்டோ நிறுவனத்துக்கு நேரடி விற்பனை இல்லை. இங்கே கடைகளில் இருப்பவை இறக்குமதி செய்பவர்கள் கொண்டுவருபவை. அதே மாடலுக்கு அந்த மாதத்தில் எனக்கு இங்கே சொன்ன விலை 30,000 ரூபாய்க்கு மேல்.

சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்கு விமானம். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் கன்சோலைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். சுங்க வரியில்லாமல் கொண்டுவரும் பொருள்களுக்கு அப்போது வரம்பு 50,000 ரூபாய். அதற்கு மேல் போனால் மிகுதிக்கு 38.5 சதவீதம். அதிகாரி பெட்டியைப் பார்த்தார், பில்லைக் கேட்டார், கொடுத்தேன், போகச் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அந்தப் பொருளின் மதிப்பை அவர்தான் முடிவு செய்வார்.

இனி மின்சாரம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; நமக்கு 230. என்னோடு வந்த சக ஊழியர் ஒருவர் அதே பயணத்தில் ஆசை ஆசையாக ஒரு ரைஸ் குக்கர் வாங்கினார். ஊருக்கு வந்து, பிளக்குக்கு ஒரு கன்வெர்ட்டர் மாட்டி, அரிசியும் போட்டு சுவிட்சைத் தட்டினார். ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அது 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட பொருள். பிளக்கின் வடிவத்தை மாற்றும் கன்வெர்ட்டர் வோல்ட்டை மாற்றாது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மனிதர் இரண்டு நாள் சரியாகப் பேசவே இல்லை.

ஸ்விட்சின் அடாப்டர் அப்படியல்ல. அதன் உடம்பிலேயே 100 முதல் 240 வோல்ட் வரை, 50/60 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. கடையில் பெட்டியைத் திறக்க முடியாது என்பதால், காட்சிக்கு வைத்திருந்த கன்சோலின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். எந்த நாட்டில் எந்த மின்சாதனம் வாங்கினாலும் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட வேண்டும். தட்டையான இரண்டு முள் உள்ள அந்த ஜப்பானிய பிளக்கை நம் எக்ஸ்டென்ஷன் பலகைகள் பல ஏற்றுக்கொள்ளும். ஆனால் இறுகப் பிடிக்காது. முதல் ஐந்து மாதம் நான் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு நாள் என் மகள் டிவியில் விளையாடிக்கொண்டிருந்தபோது பலகையில் பொறி பறந்தது. அன்றோடு அந்த அடாப்டரை அலமாரியில் வைத்துவிட்டு, நம் ஊர் பிளக் கொண்ட 65 வாட் சார்ஜர் ஒன்று வாங்கினேன். அதில் 15 வோல்ட் வெளியீடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கருவியை டிவியோடு இணைக்கும் தாங்கிக்கு டாக் என்று பெயர். அதில் வைத்து டிவியில் ஆட 15 வோல்ட் தேவை. சாதாரண போன் சார்ஜரில் பேட்டரி ஏறும், டிவியில் படம் வராது.

மின்தடை நேரத்தில் இந்தக் கருவியின் அருமை தெரியும். ஆடிக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வரும் எங்கள் பகுதியில், டிவி அணைந்த நொடியில் மகள் கன்சோலை டாக்கிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். முழுக்க மின்சாரத்தை நம்பி நிற்கும் பெரிய கன்சோல் வாங்கியிருந்தால் யுபிஎஸ் செலவும் சேர்ந்திருக்கும்.

விளையாட்டுகளுக்கு வருகிறேன். இதே நிறுவனத்தின் முந்தைய கைக்கருவியான 3டிஎஸ்ஸில் நாட்டுப் பூட்டு இருந்தது. விளையாட்டைப் பதிந்து விற்கும் சின்னச் சில்லைக் கார்ட்ரிட்ஜ் என்பார்கள்; ஜப்பானியக் கருவியில் அமெரிக்கக் கார்ட்ரிட்ஜ் ஓடாது. 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்சில் அந்தப் பூட்டு இல்லை. ஏறக்குறைய எந்த நாட்டுக் கார்ட்ரிட்ஜையும் செருகி ஆடலாம். கருவியின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டால், ஒசாகாவில் வாங்கிய மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற வண்டிப் பந்தய விளையாட்டு ஆங்கிலத்திலேயே திறக்கிறது. அட்டையில்தான் ஜப்பானிய எழுத்து.

ஆனால் எல்லாக் கார்ட்ரிட்ஜும் அப்படி இல்லை. ஒசாகாவின் நிப்பொன்பாஷி பக்கம் டென்டென் டவுன் என்று மின்னணுக் கடைகள் நிறைந்த வீதி இருக்கிறது. அங்கே பழைய கார்ட்ரிட்ஜுகளைச் சுத்தமாகத் துடைத்து, உறை போட்டு, பாதி விலைக்கு விற்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. ஐந்து வாங்கினேன். அதில் ஒன்று, கதை கேட்டு, பாத்திரங்களோடு பேசி நகரும் வகை. முழுக்க முழுக்க ஜப்பானிய மொழியில் மட்டும் இருந்தது. பெட்டியின் பின்புறம் எந்தெந்த மொழிகள் உள்ளன என்று ஒரு சிறிய கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டியிருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதையும் சொல்ல வேண்டும். இந்தக் கார்ட்ரிட்ஜ் தபால்தலை அளவுதான் இருக்கும். வாயில் போட்டு விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக அதன் மேல் டெனடோனியம் பென்சோயேட் என்ற கடும் கசப்பைப் பூசியிருக்கிறார்கள். என் தங்கையின் இரண்டு வயதுப் பையன் ஒரு முறை நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடியவன், அதற்குப் பிறகு அந்த மேசைப் பக்கமே வரவில்லை.

நான் சறுக்கிய இடம், விளையாட்டுகளைப் பதிவிறக்கி வாங்கும் நிண்டெண்டோவின் இணையக் கடை. கருவியை முதன்முதலில் ஒசாகா விடுதி அறையில் திறந்தபோது கணக்குக்கு நாடு கேட்டது. இருக்கும் இடம் ஜப்பான், வாங்கியதும் ஜப்பான் என்று அதையே தேர்ந்தெடுத்தேன். அந்த ஒரு தேர்வு இரண்டு ஆண்டுகள் என் பின்னாலேயே வந்தது. கருவிக்கு நாடு கிடையாது, கணக்குக்கு உண்டு. எந்த நாட்டைச் சொல்கிறோமோ அந்த நாட்டின் கடைதான் திறக்கும், அந்த நாட்டுப் பணத்தில்தான் விலை, அந்த மொழியில்தான் விவரம். ஜப்பானியக் கடையில் தள்ளுபடி நல்லபடியாகத்தான் இருந்தது. என் கிரெடிட் கார்டும் பெரும்பாலும் செல்லுபடியானது. எது என்ன விளையாட்டு என்று படத்தைப் பார்த்து ஊகித்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

2025 மார்ச் 25 முதல் ஜப்பானியக் கடையில் வெளிநாட்டில் வழங்கப்பட்ட கிரெடிட் கார்டுகளும், வெளிநாட்டில் திறந்த பேபால் கணக்குகளும் செல்லாது என்று அறிவித்தார்கள். மோசடிப் பயன்பாட்டைத் தடுக்கும் ஏற்பாடு அது, காரணம் நியாயமானதே. எனக்கு மிஞ்சிய வழி, முன்பணக் குறியீட்டு எண் வாங்கிக் கணக்கில் ஏற்றுவது. சரி, நாட்டையே அமெரிக்காவுக்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தால், கணக்கில் மீதிப்பணம் பூஜ்யமாக இருந்தால்தான் நாட்டை மாற்ற முடியும். என் கணக்கில் 430 யென் கிடந்தது. அந்த விலைக்கு உருப்படியாக ஒன்றும் இல்லை. கூட்டிக் கழித்துச் சரியாக வரும்படி 500 யென் எண் ஒன்று ஏற்றி, 930 யென்னைத் தீர்க்கும் இரண்டு சிறிய விளையாட்டுகள் தள்ளுபடிக்கு வரும்வரை ஆறு வாரம் காத்திருந்தேன். மாற்றிய பிறகு பழைய விளையாட்டுகள் எதுவும் போகவில்லை. ஆடிய நிலைகளும் அப்படியே இருந்தன. அது பெரிய ஆறுதல்.

ஆனால் இன்னொரு முடிச்சு இருந்தது. ஒசாகாவில் வாங்கிய கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்குக் கூடுதல் பகுதியை அமெரிக்கக் கடையில் காசு கொடுத்து வாங்கினேன். பதிவிறங்கியது, விளையாட்டுக்குள் வரவே இல்லை. கார்ட்ரிட்ஜ் எந்த நாட்டுப் பதிப்போ, கூடுதல் பகுதியும் அந்த நாட்டுக் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். உலகம் முழுக்க ஒரே பதிப்பாக வெளியாகும் சில விளையாட்டுகளில் இந்தச் சிக்கல் இல்லை. நாட்டுக்கு நாடு வெவ்வேறு நிறுவனங்கள் வெளியிடும் விளையாட்டுகளில் இது நிச்சயம் வரும். இப்போது என் வழக்கம் இதுதான்: கூடுதல் பகுதி தேவைப்படும் என்று தெரிந்த விளையாட்டைக் கணக்கின் கடையிலேயே முழுதாக வாங்குகிறேன். மற்றதெல்லாம் கார்ட்ரிட்ஜ். ஆடி முடித்ததும் அலுவலக நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், கடைக்கு எந்த நாடு என்ற கேள்வியே இல்லை. நம்மைப் போல் நேரடி விற்பனை இல்லாத நாட்டில் இருப்பவர்களுக்குக் கார்ட்ரிட்ஜைப் போல் பாதுகாப்பான சேமிப்பு வேறில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

பழுதானால் என்ன செய்வது? உத்தரவாதம் ஓராண்டு, அதுவும் ஜப்பானுக்குள். இங்கே அதிகாரப்பூர்வ சர்வீஸ் மையம் கிடையாது. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ரோஸ்மில்க் டம்ளர் சாய்ந்து கருவியின் பக்கவாட்டில் மாட்டும் கைப்பிடியான ஜாய்கானில், இடதுபக்கத்தின் ஸ்டிக்குக்குள் இறங்கிவிட்டது. துடைத்தோம், காய வைத்தோம். இரண்டு வாரத்தில் ஸ்டிக் ஒட்டத் தொடங்கியது. திரையில் வண்டி தானாகவே இடது பக்கம் ஒதுங்கிப் போனது. மெயின்கார்டு கேட் பக்கம் இருக்கும் செல்போன் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் ஒருவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தத் திருகுக்கு என்னிடம் டிரைவர் இல்லை சார், வேறொன்றை வைத்துத் திருகித் தலையைத் தேய்த்துவிட மாட்டேன்" என்றார். அந்த நேர்மைக்கு அவருக்கு நன்றி. அந்தத் திருகுகளின் தலையில் கூட்டல் குறி இல்லை. மூன்று சிறகு போன்ற பள்ளம் இருக்கிறது.

அடுத்த முறை சென்னை போனபோது ரிச்சி தெருவில் அந்த மும்முனை டிரைவரும், காந்த உணரி கொண்ட மாற்று ஸ்டிக்கும் கிடைத்தன. காந்த உணரியில் உராயும் பாகம் இல்லாததால் தேய்மானம் குறைவு. வீட்டில் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து நானே மாற்றினேன். பின்பக்கத்தில் நான்கு திருகு. கழற்றியதும் வெடுக்கென்று பிரித்துவிடக் கூடாது. இரு பாதிகளையும் நாடா போன்ற மெல்லிய இணைப்புகள் பிடித்துக்கொண்டிருக்கும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். புது ஸ்டிக்கின் நாடாவை அதன் பூட்டுக்குள் செருகுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மகள் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கருவியை 5 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். திருச்சி மே மாதம் அந்த எல்லைக்குள் அடங்குவதில்லை. பகல் 12 முதல் 4 வரை டாக்கில் வைத்து ஆடுவதில்லை என்பதை வீட்டு விதியாக வைத்திருக்கிறேன். கருவியின் மேல்பக்கத் துளைகளில் சேரும் தூசியை மாதம் ஒரு முறை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுகிறோம். இரண்டரை ஆண்டில் திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி மட்டும் முன்பைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைந்திருக்கிறது.

2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்தது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒசாகாவுக்குப் புறப்படும்போது, "சார், நீங்கள் வாங்கியது போலவே நானும் அங்கே வாங்கி வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஜப்பானில் கடைகளில் விற்கும் ஸ்விட்ச் 2 விலை 2025இல் 49,980 யென். ஏறக்குறைய 30,000 ரூபாய். கேட்கவே இனிக்கும். ஆனால் அதில் மொழி ஜப்பானிய மொழி மட்டும். ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டும்தான் இணைக்க முடியும். பல மொழிப் பதிப்பு அப்போது 69,980 யென். அதை நிறுவனத்தின் சொந்த இணையக் கடையில் மட்டும் விற்கிறார்கள். நான் 2023இல் செய்ததை இனி அங்கே செய்ய முடியாது. திரும்பும் வழியில் சிங்கப்பூரில் பாருங்கள் என்றேன். அங்கே மின்சாரம் நம்முடையது போல 230 வோல்ட், மொழிச் சிக்கல் இல்லை. பிளக் மட்டும் சதுர முள் மூன்று. அதற்கு நல்ல சார்ஜர் இங்கேயே கிடைக்கும்.

போன வாரம் சாங்கி விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். கன்சோலை ஊருக்குள் ஒரு கடையில் வாங்கி, வரியைத் திரும்பப் பெறும் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "சார், கணக்குக்கு எந்த நாடு போடட்டும்?" என்றார். பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லையாம். வீட்டுக்கு வந்து, எந்த நாட்டுக் கடையில் நம் கார்டு செல்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பிரிக்கச் சொன்னேன்.