குமிழி விடும் பாட்டிலா, அம்மாவின் மார்பா?

மலாவி நாட்டின் பிளான்டயர் நகரில் இருக்கிறது குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்ற அங்கே இரண்டு வழிகளைச் சோதித்தார்கள்: மூச்சுவிட உதவும் பபிள் சிபாப் கருவி, குழந்தையை அம்மாவின் மார்போடு வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு. வசதி குறைந்த ஒரு மருத்துவமனை இரண்டில் எதை முதலில் தொடங்கலாம்?

சிபாப் எளிமையான கருவி. மூக்கில் சின்னக் குழாய்கள் வழியாகக் காற்று போகும். வெளியே வரும் குழாயின் முனை தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கியிருக்கும். எத்தனை சென்டிமீட்டர் முங்குகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை அழுத்தம். குழந்தை மூச்சை விடும்போது நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் அந்த அழுத்தம் தாங்கிப் பிடிக்கும். குமிழி வரவில்லை என்றால் எங்கோ கசிகிறது, உடனே பார்க்க வேண்டும்.

2014இல் வெளியான பிளான்டயர் ஆய்வில், சிபாப் கொடுத்த 62 பச்சிளங்குழந்தைகளில் 71% பிழைத்தார்கள். ஆக்சிஜன் மட்டும் கொடுத்த 25 பேரில் 44%. மலைக்க வைக்கும் வித்தியாசம்தான். ஆனால் எண்ணிக்கை சிறியது, குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. பிறகு மலாவியிலேயே, தினமும் டாக்டர் மேற்பார்வை இல்லாத ஒரு மாவட்ட மருத்துவமனையில், கடும் நிமோனியா வந்த 1 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு சிபாப் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு 17%. சாதாரண ஆக்சிஜனில் 11%. வயதும் நோயும் வேறு என்பது சரி. ஆனாலும் ஓரிடத்தில் உயிர் காத்த கருவி, கண்காணிக்க ஆளில்லாத இடத்திலும் அப்படியே காக்கும் என்று நம்பிவிட முடியாது.

கங்காரு பராமரிப்பு 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத நெருக்கடியில் பிறந்தது. குல்லாவும் நாப்கினும் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் மார்பில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டிவிடுவார்கள். உடல்நிலை சீரான பிறகே இதைத் தொடங்குவது பல காலமாக வழக்கமாக இருந்தது. பிறந்ததும் தொடங்கினால் என்ன என்று பிளான்டயரோடு கானா, இந்தியா, நைஜீரியா, தான்சானியா மருத்துவமனைகளும் சேர்ந்து பார்த்தன. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகள், குலுக்கல் முறையில். 28 நாளுக்குள் இறப்பு 15.7%இலிருந்து 12%ஆகக் குறைந்தது. சுமார் 27 குழந்தைகளுக்கு ஓர் உயிர் கூடுதலாகத் தப்பியது.

இதற்குச் செலவே இல்லை என்று பலர் சொல்வதுதான் எனக்கு வருத்தம். அந்தக் குழந்தைகள் ஒரு நாளில் சுமார் 17 மணி நேரம் மார்பில் இருந்தார்கள். அதற்கு அம்மாவின் கட்டில் தீவிர சிகிச்சை வார்டுக்குள்ளேயே வர வேண்டும். சிசேரியன் ஆன தாய்க்கு அங்கேயே மருந்தும் கவனிப்பும் வேண்டும். அவர் எழுந்து போனால் குழந்தையை வாங்கிக்கொள்ளப் பாட்டியோ சித்தியோ பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம், எல்லாக் குழந்தைக்கும் இதே பலன் என்றும் சொல்ல முடியாது: உடல்நிலை இன்னும் சீராகாத குழந்தைகளுக்கு உகாண்டாவில் உடனே தொடங்கியபோது, ஏழு நாள் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இருந்தும் நான் கங்காரு பக்கம்தான். அம்மாவுக்குக் கட்டில் போட்ட வார்டில் சிபாப்பையும் பிறகு சேர்க்கலாம், மார்பில் இருக்கும்போதே கொடுக்கலாம். இரவு ஷிப்டில் குமிழியைப் பார்க்க ஒரு நர்ஸ் இல்லாத வார்டுக்கு மட்டும் அதை வாங்க வேண்டாம், முதலில் அந்த நர்ஸைப் போடுங்கள்.