ஒரு லேப்டாப், நாற்பது பிள்ளைகள்: பள்ளி நூலகத்துக்கு எது ஒத்து வரும்?

மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் பள்ளிக்கூடம். நூலகம் என்று சொல்வது பழைய நெசவு வகுப்பு அறையைத்தான். நாலு மர பீரோ, ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர். நெட் வேண்டுமென்றால் என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட். வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு தடவைக்கு நாற்பது பிள்ளைகள். அவர்கள் கையில் போன் கிடையாது.

இணையக் கருவிகளைச் சிபாரிசு செய்கிறவர்கள் இப்படி ஓர் அறையை நினைத்துப் பார்ப்பதில்லை. அதனால் ஒரு வருஷமாக ஒவ்வொன்றாக நானே எடுத்துப் பார்த்தேன். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: கரண்ட் போனாலும் அந்த பீரியட் நடக்க வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த கடை வாசலில் போன் சார்ஜ் போட வரிசையில் நின்றவள் நான். புயல் வராத வருஷத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் எந்த நேரம் லைன் போகும் என்று சொல்ல முடியாது.

முதலில் வாசிப்பு. சிறுசுகளுக்கு ஸ்டோரிவீவர்தான் என் முதல் தேர்வு. பெங்களூருவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய இலவசக் கதைத் தளம் அது. படக்கதைகள் 4 நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு முதல் நிலைக் கதை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கெட்டிக்காரிக்கு மூன்றாம் நிலை என்று ஒரே பீரியடில் கொடுக்க முடிகிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமம் என்பதால், எழுதியவர், படம் வரைந்தவர் பெயரை எடுக்காமல் பிரிண்ட் போட்டுக் கொடுப்பதில் தப்பில்லை. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் தமிழ் கதைக்குக் கதை மாறும். சிலது வாயில் நிற்கும், சிலது நிற்காது. ஒரு தடவை நாமே வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

பிரிண்ட் விஷயத்தில் அனுபவத்தில் கற்றது ஒன்று. கலர் ஜெராக்ஸுக்கு நமக்குக் கட்டுப்படி ஆகாது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால், ராத்திரியில் நடக்கிற கதைகள் பக்கம் முழுக்க மசியாக வந்து நிற்கின்றன. நிலாவைத் தேடிப் போன பிள்ளை எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. இப்போதெல்லாம் பகலில் நடக்கிற கதையாகப் பார்த்துத்தான் எடுக்கிறேன். கதையைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணமா என்று சிரிப்பு வரும், என்ன செய்வது!

பெரிய வகுப்புக்கும் தமிழாசிரியர்களுக்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பு. 1998 பொங்கலன்று ஆரம்பித்து, உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த நூல்கள். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது; ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் எல்லாம் எழுத்தாகவே இருப்பதால் தேட முடியும். பட்டினப்பாலையில் காவிரி வருகிற அடிகள் வேண்டும் என்று தமிழய்யா கேட்டால், அரை நிமிஷத்தில் எடுத்துக் கேள்வித்தாளில் ஒட்டிவிடலாம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின் நூலகம் இதற்கு நேர்மாறு. பழைய புத்தகங்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து அச்செழுத்து, விளம்பரம், விலை எல்லாம் அப்படியே கிடைக்கும். பழைய பத்திரிகை எப்படி இருந்தது என்று புரொஜெக்டரில் காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் பக்கங்கள் படமாக இருப்பதால் கோப்பு கனமானது. என் ஹாட்ஸ்பாட்டில் இறங்கி முடிவதற்குள் பீரியடே முடிந்துவிடும். முந்தின நாள் வீட்டில் இறக்கிக்கொண்டு வர வேண்டும்.

ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை, பெற்றோருக்காக வைத்திருக்கிறேன். 2013-லிருந்து நடக்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் 6 இன்ச் பிடிஎஃப் ஒன்று தருகிறார்கள், சின்னத் திரையில் பெரிதாக்காமலே படிக்கலாம். எங்கள் ஊரில் அப்பா வயலிலிருந்து வந்த பிறகுதான் போன் பிள்ளை கைக்கு வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினால், திங்கட்கிழமை இரண்டு பேராவது அதைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு தடவை ஒரு பையனின் தாத்தா பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி, “அடுத்தது எப்பம்மா அனுப்புவ?” என்று கேட்டார்.

மன்னார்குடிப் பக்கம் 1931-ல் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நூலகவியலின் ஐந்து விதிகளைச் சீர்காழிக்காரர் ரங்கநாதன் புத்தகமாகப் போட்டதும் அதே வருஷம்தான். என்னிடம் வண்டி இல்லை, 32 ஜிபி பென் டிரைவ் இருக்கிறது. மேலே சொன்ன நாலு இடத்திலிருந்தும் எடுத்தது அதில் உண்டு.

அடுத்தது வினாடி வினா. இங்கேதான் பேர் வாங்கிய கருவி வேறு, என் அறைக்கு ஒத்து வந்தது வேறு.

கஹூட் நார்வேயில் பிறந்தது. கேள்வி திரையில் வரும், பதிலை அவரவர் கருவியில் அமுக்க வேண்டும். இசையும் வண்ணமுமாக வகுப்பே திருவிழாவாகிவிடும். ஆசிரியர்களின் போன் நாலைந்தை இரவல் வாங்கி, பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து ஆடலாம். ஆனால் எந்தக் குழுவிலும் போன் ஒருவன் கையில்தான் இருக்கும், மற்றவர்கள் அவன் தோளைப் பிடித்துத் தொங்குவார்கள். வழக்கமான ஆட்டத்தில் வேகத்துக்கும் மார்க் உண்டு என்பதால், யோசித்துப் பதில் சொல்கிற பிள்ளை பின்னால் போய்விடும். ஆண்டு விழாவுக்குச் சரி.

ப்ளிக்கர்ஸில் பிள்ளைகளுக்குக் கருவியே வேண்டாம். ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையில் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு வடிவம், நாலு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்த எழுத்து மேலே வருகிறதோ அதுதான் பதில். ஒவ்வோர் அட்டையிலும் வடிவம் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. நான் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று சுற்றினால், யார் என்ன சொன்னார்கள் என்று என் திரையில் வந்துவிடும். கொஞ்சம் நெட் மட்டும் வேண்டும்.

அட்டை கிழியாமல் இருக்கட்டும் என்று முதலில் கடையில் கொடுத்து லேமினேட் செய்தேன். காசு போனதுதான் மிச்சம். ஜன்னல் வெளிச்சம் அட்டையில் பட்டுப் பளபளத்ததில், ஜன்னலோரம் இருந்த ஏழெட்டுப் பேரின் அட்டைகளைக் கேமரா படிக்கவே இல்லை. “மிஸ், என் அட்டை தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டு கையைத் தூக்கியபடியே நின்றார்கள், பாவம். இப்போது பளபளப்பில்லாத சார்ட் அட்டையில் ஒட்டியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாக எடுத்தால் போதும்.

போன மாதம் ஒரு கேள்வி: அணைக்கரை எந்த ஆற்றில் இருக்கிறது? பாதி வகுப்பு காவிரி என்றது. கொள்ளிடம் என்று சரியாகச் சொன்னவர்களில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு கடைசி பெஞ்சுப் பெண்ணும் இருந்தாள். அவள் அம்மா ஊர் அணைக்கரையாம். கை தூக்கச் சொல்லியிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. வினாடி வினாவுக்கு என் ஓட்டு ப்ளிக்கர்ஸுக்கு.

கூகுள் ஃபார்ம்ஸை பத்தாம் வகுப்பின் வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். மார்க்கைத் தானே கூட்டிவிடும், அவ்வளவுதான். 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் இருக்கும் கியூஆர் கோடும் தீக்‌ஷா என்ற அரசின் பாடச் செயலியும் பாடத்தோடு ஒட்டியவை. அவற்றைப் பாட ஆசிரியர்களிடமே விட்டுவிட்டேன். வீடியோவை முன்கூட்டியே செயலிக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

கடைசியாக நூல் பட்டியல். கோஹா இலவசம், அருமையான நூலக மென்பொருள். கல்லூரி நூலகங்கள் தாராளமாகப் போடலாம். ஆனால் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மூவாயிரம் புத்தகத்துக்கு அதைக் கொண்டுவருவது, ஒரு மா நிலத்துக்கு அறுவடை மெஷினை இறக்குகிற மாதிரி, வரப்புதான் உடையும். நான் கூகுள் ஷீட்டில் தலைப்பு, ஆசிரியர், பீரோ எண், யார் கையில் என்று நாலு கட்டம் போட்டு நிறுத்திக்கொண்டேன். பழைய நோட்டுப் பதிவேட்டையும் விடவில்லை. மாதக் கடைசியில் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து அதிலேயே ஒட்டிவிடுகிறேன். மைதாப் பசையில் ஒட்டினால் பூச்சி வந்துவிடுகிறது. கொஞ்சம் மயில்துத்தம் கலந்து காய்ச்ச வேண்டும்.